சாம்சங் கேலக்சி டேப் எஸ்9 எஃப்இ பிளஸ்

சாம்சங் 2023 அக்டோபரில் வெளியிட்ட, 12.4 அங்குலத் திரை கொண்ட நடுத்தர விலை டேப்லெட். விலை உயர்ந்த எஸ்9 வரிசையைப் போலவே பேனாவும் நீர்த்தடுப்பும் இதில் உண்டு. முக்கியமாகத் திரையிலும் சிப்பிலும் செலவைக் குறைத்திருக்கிறார்கள். 2021இல் வந்த எஸ்7 எஃப்இ இதன் முன்னோடி.

பெரிய திரையின் அருமை மலேசியாவின் ஜொகூர் மாநிலத் தமிழ்க் குடும்பங்களுக்குப் புரிந்தது 2020 மார்ச் 18க்குப் பிறகு. கொரோனா தொற்றைத் தடுக்க வந்த நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் பள்ளிகள் மூடப்பட்டன. பாடத்தாள்கள் பெற்றோரின் கைபேசிக்கு வந்தன. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. அதை 7 செ.மீ. கைபேசித் திரையில் முழுதாகப் பார்த்தால் 12 புள்ளி எழுத்து 4 புள்ளியாகச் சுருங்கிவிடும். இரண்டு சுழி 'ன', மூன்று சுழி 'ண' வேறுபாடு அந்த அளவில் மறைந்துபோகும். மெய்யின் புள்ளியும் தெரியாது. இந்த டேப்லெட்டை நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் ஏறக்குறைய 16.7 செ.மீ. அதே எழுத்து ஒன்பதரைப் புள்ளியில் நிற்கும். விரலால் பெரிதாக்கி, நகர்த்தி, வரியைத் தவறவிட வேண்டியதில்லை. தமிழ் படிக்கும் பிள்ளைக்கு இதன் முதல் சிறப்பு இதுவே.

இரண்டாவது, பெட்டியிலேயே வரும் எஸ் பென். அதற்கு சார்ஜ் தேவையில்லை. பாடத்தாளின் மேலேயே விடை எழுதலாம், ஆசிரியர் திருத்தலாம். தட்டச்சுக்கு மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் போன்ற செயலிகள் உள்ளன. ஆனால் படுக்கைவாட்டில் திரை விசைப்பலகை ஏறத்தாழப் பாதித் திரையை மறைத்துவிடும். கையில் பிடித்தபடி அடித்தால் கட்டைவிரல் நடு விசைகளை எட்டாது. நீண்ட கட்டுரை எழுதுவோர் தனி விசைப்பலகை வாங்கத்தான் வேண்டும்.

எடை 627 கிராம். மேசையில் வைத்துப் படிக்கும்போது அது ஒரு பொருட்டல்ல. ஜொகூர்-சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசலில், பேருந்தில் நின்றபடி ஒரு கையில் பிடிப்பது சிரமம். திரை எல்சிடி வகை. நொடிக்கு 90 முறை புதுப்பிக்கும், எழுத்து தெளிவாக இருக்கும். ஓலெட் திரையின் ஆழ்ந்த கறுப்பு இதில் கிடையாது, நண்பகல் வெயிலில் பளபளப்பும் கண்ணை உறுத்தும். எக்சினோஸ் 1380 சிப் படிப்புக்கும் காணொளி வகுப்புக்கும் தாராளமாகப் போதும். கனமான விளையாட்டுக்கும் நீண்ட காணொளித் தொகுப்புக்கும் திணறும்.

இதன் ஐபி68 நீர்த்தடுப்புத் தரம் என்பது 1.5 மீட்டர் ஆழ நன்னீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதே. மழையில் நனைந்த புத்தகப்பைக்கு அது பெரிய ஆறுதல். 2023 மார்ச்சில் ஜொகூரின் யோங் பெங், பத்து பகாட் வட்டாரங்களில் புகுந்தது போன்ற சேற்று வெள்ளத்திற்கோ கடல் நீருக்கோ அந்தச் சோதனை பொருந்தாது.

10,090 மில்லியாம்பியர்-மணி மின்கலம் ஒரு நாள் வகுப்புக்குத் தாங்கும். 45 வாட் சார்ஜரைத் தனியாக வாங்க வேண்டும். வீட்டில் கிடக்கும் 15 வாட் சார்ஜரில் நிரம்ப மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். ஆண்ட்ராய்டு 13உடன் வந்த இதற்கு நான்கு தலைமுறை ஆண்ட்ராய்டு மேம்பாடும் ஐந்தாண்டுப் பாதுகாப்புப் புதுப்பிப்பும் அறிவிக்கப்பட்டன. தாமதமாகத் தள்ளுபடியில் வாங்குவோருக்கும் அந்த ஐந்தாண்டு 2023இலிருந்தே எண்ணப்படுகிறது.