உளமார உறுதி பிறந்த கதை

குமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிப் பக்கம் ஒரு வழக்கு முற்றினால், "மண்டைக்காட்டம்மை மேல சத்தியம் பண்ணுவியா?" என்பதில் போய் நிற்கும். சாமிக்குப் பயந்தவன் பொய் சொல்லமாட்டான் என்ற நம்பிக்கை.

நாஞ்சில் நாட்டில் அந்த நம்பிக்கை நீதிமுறையாகவே இருந்தது. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில், ஒழுக்கம் தவறியதாகக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி கொதிக்கும் நெய்யில் கையை விடவேண்டும். பின்பு கையைக் கட்டிவைத்து, கட்டைப் பிரித்துப் பார்ப்பார்கள். கை வேகாதிருந்தால் நிரபராதி. கைமுக்கு என்ற இந்தக் கொடுமையைத் திருவிதாங்கூரின் சுவாதித் திருநாள் மகாராஜா நிறுத்தினார்.

அதே காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி நீதிமன்றங்களில் வேறொரு சிக்கல். கங்கை நீரையோ குர்ஆனையோ தொட்டுச் சத்தியம் செய்யக் கூசி, நல்ல மனிதர்கள் பலர் சாட்சிக்கூண்டுக்கே வர மறுத்தார்கள். அதனால் 1840-இல் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சத்தியத்துக்குப் பதில் உறுதிமொழி வந்தது. இங்கிலாந்தில் அதற்கு முன்பே, 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஏசுவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஆணையிட மறுத்த குவேக்கர்கள் இந்த உரிமையைப் பெற்றிருந்தார்கள். ஆக, கதவைத் திறந்தவர்கள் பக்தர்களே. இதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.

நாத்திகர் முறை பிறகுதான் வந்தது. 1880-இல் தேர்தலில் வென்ற நாத்திகர் சார்லஸ் பிராட்லா பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அமரவே ஆறாண்டு போராடினார். 1888-இல் நாத்திகரின் உறுதிமொழியையும் ஏற்று, சட்டம் அவர் பக்கம் திரும்பியது. நம் அரசியலமைப்பு 'கடவுளின் பெயரால்', 'உளமார' இரண்டையும் அருகருகே வைத்தது. 1967-இல் அண்ணாவின் அமைச்சரவை இரண்டாவதைத் தேர்ந்தது.

கடவுளை விலக்கினால் வாக்குக்கு என்ன பிணை என்று கேட்பவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. சாமி பயத்தால் லஞ்சத்துக்குக் கை நீட்டாதவர்களை நானும் அறிவேன். ஆனால் 1982-இல் இதே மண்டைக்காட்டில் கோயிலும் தேவாலயமும் நிரம்பித்தான் இருந்தன. கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. பக்தி குறைந்தா அது நடந்தது? எதிரே நிற்பவனும் வலிக்கும் உடம்புள்ளவன் என்ற எண்ணம் அற்றுப்போனதால் நடந்தது. அந்த எண்ணம் கோயிலுக்குப் போகிறவனிடமும் உண்டு, போகாதவனிடமும் உண்டு.

சட்டமும் இதில் ஆள் பார்ப்பதில்லை. கடவுள்மேல் ஆணையிட்டவரோ உளமார உறுதி சொன்னவரோ, நீதிமன்றத்தில் பொய்ச் சாட்சி சொன்னால் இருவருக்கும் 7 ஆண்டு வரை சிறை.