ஒளியியல் வரலாற்றில் ஆசிரியரும் மாணவரும்: மூன்று பெயர்களின் கதை



மொழியியல் படித்தவர்க்கு ஒளியியலில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். ஒளியின் இயல்பை அத்துறை அறிஞர்களின் எழுத்துகளிலிருந்தே யாமும் கற்றோம். ஆயினும், ஒரு துறையில் வழங்கும் சொற்கள் எவ்வாறு பிறந்தன, யார் அவற்றை இட்டனர், எதைக் காட்டுகின்றன, எதை மறைக்கின்றன என்று ஆராய்வது எம் தொழில். அந்த உரிமையில் இன்று மூன்று பெயர்களை உங்கள்முன் வைக்கிறோம். மூன்றும் பல்கலைக்கழகச் சூழலில் ஒளியை ஆராய்ந்தோரிடையே தோன்றியவை. மூன்றின் பின்னாலும் ஓர் ஆசிரியரும் ஒரு மாணவரும் இருக்கின்றனர்.

நம் இலக்கணம் பெயர்களைக் காரணப்பெயர் என்றும் இடுகுறிப்பெயர் என்றும் பிரிக்கிறது. காரணம் பற்றி வந்த பெயரும் நாளடைவில் காரணம் மறந்து இடுகுறிபோல் ஆகிவிடுவதுண்டு. காரணம் மறக்கப்படும்போது அதனுடன் மனிதர்களும் மறக்கப்படுகின்றனர். இவ்வுரையின் கவலை அதுவே.

கல்கத்தா, 1928

முதற்பெயர் 'ராமன் விளைவு'. சந்திரசேகர வேங்கட ராமன் 1888ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபின், 1907இல் அரசின் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்றார். அலுவலகத்திற்குச் செல்லுமுன்னும் அலுவல் முடிந்தபின்னும் இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். 1917இல் அரசுப் பதவியைத் துறந்து, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் ஆனார்.

1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரை ஈர்த்தது. கடலின் நீலம் வானத்தின் நீலம் நீரில் பட்டுத் திரும்புவதே என்பது ராலே பிரபு போன்ற பேரறிஞர்களின் கருத்து. ராமன் தம்மிடம் இருந்த ஒரு சிறு பட்டகத்தின் வழியே, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை விலக்கிவிட்டுக் கடலைப் பார்த்தார். நீலம் மறையவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று முடிவு செய்தார்.

அதிலிருந்து ஏழாண்டுகள் அவருடைய ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் திரவங்களினூடே ஒளியைச் செலுத்திப் பார்த்தவண்ணம் இருந்தனர். 1923இல் கே. ஆர். ராமநாதன், நீர் சிதறடித்த ஒளியில் உள்ளே செலுத்தாத ஒரு நிறம் மங்கலாகத் தென்படுவதைக் கண்டார். நீரில் கலந்த அழுக்கே காரணம் என்று கருதி நீரை மீண்டும் மீண்டும் தூய்மைப்படுத்தினர். அந்த மங்கல் ஒளி போகவில்லை. 1925இல் கே. எஸ். கிருஷ்ணனும் வேறு திரவங்களில் அதனைக் கண்டார். 1928 தொடக்கத்தில் எஸ். வெங்கடேசுவரன் கிளிசரினில் கண்ட மங்கல் ஒளி, ஒரு திசையில் மட்டும் அதிரும் முனைவாக்கம் உடையதாக இருந்தது. வழக்கமான ஒளிர்வுக்கு அவ்வியல்பு பொருந்தாது. எனவே இது புதிய நிகழ்வு என்ற ஐயம் வலுத்தது.

அடுத்து நிகழ்ந்த சோதனை, பள்ளி மாணவர்க்கும் விளங்கத்தக்க எளிமை உடையது. சூரிய ஒளியை ஒரு நிறக்கண்ணாடி வழியே செலுத்தி, நீல ஊதா நிறத்தை மட்டும் திரவத்திற்குள் விட்டனர். திரவத்திலிருந்து பக்கவாட்டில் சிதறும் ஒளியை, நீல ஊதாவை முற்றிலும் தடுக்கும் மற்றொரு கண்ணாடி வழியே நோக்கினர். சிதறிய ஒளியும் நீல ஊதாவாகவே இருந்தால் கண்ணுக்கு இருள்தான் தெரியவேண்டும். ஆனால் மங்கிய ஒளி தெரிந்தது. நிறம் வழியில் மாறியிருந்தது. கிருஷ்ணன் நாள்தோறும் இச்சோதனையில் ஈடுபட்டார். ஏறத்தாழ 60 திரவங்கள் சோதிக்கப்பட்டன. பிப்ரவரி 28ஆம் நாள் நிறமாலைக் கருவி அதனை ஐயமறக் காட்டியது.

இதன் விளக்கம் சுருக்கமாக இதுவே: மூலக்கூறில் மோதும் ஒளித்துகள்களுள் மிகப் பெரும்பாலானவை நிறம் மாறாமல் சிதறுகின்றன. ஏறத்தாழ ஒரு கோடியில் ஒன்று மட்டும், மூலக்கூறின் அதிர்வுக்குச் சிறிது ஆற்றலைக் கொடுத்தோ அதனிடமிருந்து பெற்றோ வெளியேறுகிறது. ஆற்றல் மாறுவதால் நிறமும் மாறுகிறது. ஒவ்வொரு பொருளின் மூலக்கூறும் தனக்கே உரிய முறையில் அதிர்வதால், மாறிய நிறம் அப்பொருளின் கைரேகை ஆகிறது.

இக்கண்டுபிடிப்பை அறிவித்த குறிப்பு 1928 மார்ச் 31ஆம் நாள் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. அதில் கையொப்பமிட்டோர் இருவர்: ராமன், கிருஷ்ணன். அதே ஆண்டு ஜெர்மானிய இயற்பியலாளர் பீட்டர் பிரிங்ஷைம் இதனை 'ராமன் விளைவு' என்று குறித்துக் கட்டுரை எழுத, அப்பெயர் நிலைத்தது. 1930இல் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே கிடைத்தது. தம் நோபல் உரையில் ராமன் ராமநாதனையும் கிருஷ்ணனையும் வெங்கடேசுவரனையும் குறிப்பிடத் தவறவில்லை. ஆனால் உரையைப் படிப்போர் சிலர். பெயரைச் சொல்வோர் பலர்.

இங்கே ஒரு மொழியியல் செய்தி உண்டு. அதே 1928இல் மாஸ்கோவில் மண்டெல்ஷ்டாம், லாண்ட்ஸ்பெர்க் ஆகிய இருவரும் படிகங்களில் இந்நிகழ்வைத் தாமாகவே கண்டனர். ஆகவே ரஷ்ய மொழியில் இதற்கு ஆள்பெயர் இல்லை. ஒளியின் அதிர்வெண்ணும் மூலக்கூறின் அதிர்வெண்ணும் இணைவதைக் குறிக்கும் வகையில் 'இணைவுச் சிதறல்' என்று பொருள்படும் தொடரே வழங்குகிறது. ஒரு மொழி ஆளை நினைக்கிறது. மற்றொரு மொழி நிகழ்வை நினைக்கிறது. கிருஷ்ணன் இரண்டிலும் இல்லை.

ராமன் தம் மாணவரின் உழைப்பைக் கவர்ந்தார் என்று கூறுவது எம் நோக்கமன்று. ஏழாண்டுத் திட்டமும் விடாமுயற்சியும் அவருடையவை. வத்திராயிருப்பில் பிறந்து மதுரையிலும் சென்னையிலும் பயின்ற கிருஷ்ணனும் பின்னர்த் தாமே பேரறிஞராய் விளங்கினார். 1940இல் லண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1947இல் இந்தியாவின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். எனினும் நம் பாடநூலைப் படிக்கும் மாணவருள் எத்தனை பேர் அவர் பெயரை அறிவர்?

நியூயார்க், 1957

இரண்டாம் பெயர் 'லேசர்'. இதன் வேர் 1917இல் ஐன்ஸ்டைன் வெளியிட்ட கருத்தில் உள்ளது. ஆற்றல் மிகுந்த நிலையிலுள்ள அணுவின்மீது தக்க ஒளித்துகள் படும்போது, அவ்வணு அதே போன்ற மற்றொரு துகளை வெளிவிடும் என்றார் அவர். இதுவே தூண்டு உமிழ்வு. கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டவுன்ஸ், 1954இல் தம் மாணவர் ஜேம்ஸ் கார்டனுடனும் ஹெர்பர்ட் ஸைகருடனும் சேர்ந்து, இக்கருத்தைக் கொண்டு நுண்ணலைகளைப் பெருக்கும் கருவியை அம்மோனியா வாயுவால் இயக்கிக் காட்டினார். அதன் செயலை விளக்கும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'மேசர்' என்று பெயரிட்டனர். கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அவ்வாறு பெருக்க இயலுமா என்பதே அடுத்த வினா.

1957 அக்டோபர் இறுதியில் டவுன்ஸ், அதே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்திற்கு ஆய்ந்துகொண்டிருந்த 37 வயது கார்டன் கூல்டிடம் தாலியம் விளக்குகள் பற்றிக் கேட்டறிந்தார். அணுக்களை ஒளியால் ஆற்றலேற்றும் முறையில் கூல்ட் தேர்ந்தவர். சில நாள்களில் கூல்ட் ஒரு குறிப்பேட்டில் தம் கணக்குகளை எழுதினார். இரு கண்ணாடிகளுக்கிடையே ஒளியை முன்னும் பின்னும் செலுத்திப் பெருக்கும் அமைப்பை வரைந்தார். மேசர் என்பதில் நுண்ணலையைக் குறிக்கும் எழுத்தை நீக்கி ஒளியைக் குறிக்கும் எழுத்தை இட்டு, 'லேசர்' என்று தலைப்பிட்டார். நவம்பர் 13ஆம் நாள், ஆவணங்களுக்குச் சான்றொப்பமிடும் உரிமை பெற்ற மிட்டாய்க்கடைக்காரர் ஒருவரிடம் அக்குறிப்பேட்டில் ஒப்பமும் தேதியும் பெற்றார்.

ஆனால் ஒரு பிழை செய்தார். கருவியைச் செய்து இயக்கிக் காட்டினால்தான் காப்புரிமை கோரலாம் என்று தவறாக எண்ணி 1959 வரை காத்திருந்தார். அதற்குள் டவுன்ஸும் ஆர்தர் ஷாலோவும் தம் காப்புரிமை விண்ணப்பத்தை அளித்துவிட்டனர். அவர்களது கோட்பாட்டுக் கட்டுரையும் 1958 டிசம்பரில் வெளிவந்தது. அதில் கருவியின் பெயர் 'ஒளியியல் மேசர்'. 1960 மே 16ஆம் நாள் தியோடர் மெய்மன் கலிபோர்னியாவில் செயற்கை மாணிக்கத் தண்டைக் கொண்டு முதல் லேசரை இயக்கினார். 1964இல் டவுன்ஸ், சோவியத் அறிஞர்களான பாசோவ், புரோகோரோவ் ஆகிய மூவரும் நோபல் பரிசு பெற்றனர். பட்டம் பெறாமலே பல்கலைக்கழகத்தை விட்டகன்ற கூல்ட், நெடுங்கால வழக்குகளுக்குப் பின் 1977இல்தான் தம் முதல் முக்கியக் காப்புரிமையைப் பெற்றார். அவ்வழக்குகளில் மிட்டாய்க்கடைக்காரர் ஒப்பமிட்ட குறிப்பேடே அவருக்குச் சான்றாய் நின்றது.

பரிசு பேராசிரியருக்கு, பெயர் மாணவருடையது. 'ஒளியியல் மேசர்' வழக்கொழிந்தது. 'லேசர்' உலகமொழிகளில் எல்லாம் ஏறியது. ஆங்கிலத்தில் அச்சொல்லின் ஈறு, செய்வோனைக் குறிக்கும் விகுதிபோல் ஒலிப்பதால், ஈற்றை நீக்கி 'லேஸ்' என்றொரு வினைச்சொல்லையும் ஆக்கிக்கொண்டனர். முதலெழுத்துகளின் தொகுப்பு என்பதை மறந்து, இயல்பான சொல்லாகவே அதனை மக்கள் ஏற்றுக்கொண்டமைக்கு இதைவிடச் சான்று வேண்டா. காரணப்பெயர் இடுகுறியான வரலாறு நம் கண்முன்னே, ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்துவிட்டது.

தமிழில் 'லேசர்' என்பதுடன் 'சீரொளி' என்ற சொல்லும் வழங்குகிறது. லேசர் என்பது கருவி செயற்படும் முறையைச் சொல்கிறது. சீரொளி என்பது விளைந்த ஒளியின் பண்பைச் சொல்கிறது. அலைகள் யாவும் ஒரே நிறத்தில், ஒரே திசையில், ஒன்றோடொன்று இசைந்து செல்வதே அப்பண்பு. யாப்பில் சீர்கள் ஓசை பிறழாது தொடர்வதை அறிந்த தமிழ் மாணவர்க்கு இச்சொல் தானே விளங்கும்.

ராச்செஸ்டர், 1985

மூன்றாம் பெயரில் ஒரு பறவை இருக்கிறது. மிகக் குறுகிய நேரமே நீடிக்கும் லேசர்த் துடிப்புகளை ஓர் அளவுக்குமேல் பெருக்கினால், அவற்றின் செறிவு பெருக்கும் கருவியையே சேதப்படுத்தியது. அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜெரார்டு மூருவும் அவர் மாணவி டோனா ஸ்ட்ரிக்லண்டும் இதற்கு வழி கண்டனர். துடிப்பை 1.4 கிலோமீட்டர் நீள ஒளியிழையினுள் செலுத்தினர். இழையினுள் சிவப்புப் பக்க அலைகள் முந்தும். நீலப் பக்க அலைகள் பிந்தும். துடிப்பு நீண்டு, செறிவு குறையும். அந்நிலையில் அதனைப் பெருக்கி, இறுதியில் மீண்டும் சுருக்கினால் கருவிக்குத் தீங்கின்றிப் பெருஞ்செறிவு கிட்டும்.

இவ்வாறு அதிர்வெண் படிப்படியாக மாறும் துடிப்பை ஆங்கிலத்தில் பறவையின் கீச்சொலியைக் குறிக்கும் 'சிர்ப்' என்ற சொல்லால் வழங்குகின்றனர். விடியலில் நம் அடுக்குமாடி வீடுகளின் அருகே குயில் கூவக் கேட்டிருப்பீர்கள். அதன் சுருதி கீழிருந்து மேலேறுவதை நினைவுகூர்ந்தால் போதும், பெயர்க்காரணம் விளங்கிவிடும். இன்று கண் அறுவை மருத்துவத்திலும் இம்முறை பயன்படுகிறது.

1985இல் வெளிவந்த அக்கட்டுரை ஸ்ட்ரிக்லண்டின் முதல் ஆய்வுக் கட்டுரை. அதில் முதலில் நின்றது மாணவியின் பெயர். அடுத்தே பேராசிரியரின் பெயர். 33 ஆண்டுகளுக்குப் பின், 2018இல் நோபல் பரிசின் ஒரு பாதியை இருவரும் பகிர்ந்துகொண்டனர். மேரி கியூரிக்கும் மரியா கெப்பர்ட் மேயருக்கும் பின் இயற்பியலில் அப்பரிசு பெற்ற மூன்றாம் பெண்மணி அவர். கட்டுரையின் தலைப்பை அடுத்த அந்த ஒரு வரியே, அவர் பங்கை மறைக்க முடியாத ஆவணமாயிற்று.

எமக்கும் ஒரு கடன்

இவற்றைச் சொல்லும் தகுதி எமக்கு முழுமையாக உண்டா என்று எம்மையே கேட்டுக்கொண்டோம். பணியில் இருந்த காலத்தில் அறிவியல் கலைச்சொற்களைத் தொகுத்துச் சிறு நூலொன்றை வெளியிட்டோம். அதில் ஒளியியல் பகுதிக்கான அட்டைகள் அனைத்தையும் எழுதி அடுக்கியவர் ஒரு மாணவி. யாம் எழுதியிருந்த சொல் ஒன்று, சிதறலையும் விலகலையும் ஒன்றாக்கிக் குழப்புகிறது என்று தயக்கத்துடன் சுட்டித் திருத்தியவரும் அவரே. முன்னுரையில் யாம் எழுதியது 'உதவிய மாணவர்களுக்கு நன்றி' என்னும் ஒற்றை வரி. அட்டைகள் இன்றும் எம்மிடம் உள்ளன, கையெழுத்து அவருடையது, நூலில் அவர் பெயர் இல்லை. இவ்வுரைக்காகப் பழைய பெட்டியைத் திறந்தபோதுதான் அக்குறை எம்மைச் சுட்டது. அவர்க்கு மடல் எழுதியுள்ளோம். மறுபதிப்பு வருமாயின் அட்டையிலேயே அவர் பெயர் இடம்பெறும்.

ஆசிரியர்களிடம் எம் வேண்டுகோள் சிறியது. ராமன் விளைவைக் கற்பிக்கும் நாளில் கிருஷ்ணன், ராமநாதன், வெங்கடேசுவரன் ஆகியோர் பெயர்களையும் கரும்பலகையில் எழுதுங்கள். லேசரைச் சொல்லும்போது அப்பெயரை இட்டவர் ஒரு மாணவர் என்பதையும் சொல்லுங்கள். மாணவர்களே, உங்கள் குறிப்பேடுகளில் நாளையும் பெயரையும் தவறாது எழுதுங்கள். பிறர் உங்களுக்கு உதவியிருந்தால் அவர் பெயரையும் எழுதுங்கள்.