கேஷில் உள்ள தரவுப் பொருள்களைப் புதுப்பித்தல்

தரவுத்தள அட்டவணையின் வரிசையை நிரலுக்குள் ஒரு பொருளாகக் கையாள உதவும் ஓஆர்எம் சட்டகங்களில், முன்பே படித்து நினைவகத்தில் (கேஷில்) வைத்த பொருளைத் தரவுத்தளத்தின் நடப்பு நிலைக்கு மீண்டும் கொண்டுவருவதே புதுப்பித்தல் எனப்படும். 2001இல் கேவின் கிங் தொடங்கிய ஹைபர்னேட்டிலும், 2006இல் வெளிவந்த, ஜாவா மொழிக்கான ஜேபிஏ தரத்திலும் இதற்கென ரிஃப்ரெஷ் என்னும் கட்டளை உண்டு.

ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவாகி, ஹைபர்னேட்டையும் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தையும் அடித்தளமாகக் கொண்ட டிஎச்ஐஎஸ்2 என்னும் சுகாதாரத் தகவல் முறைமையில், இலங்கைச் சுகாதார அமைச்சுக்கான கோவிட் கண்காணிப்புப் பகுதி 2020 ஜனவரியிலேயே அமைக்கப்பட்டது. பல ஊர்களிலிருந்து பலர் ஒரே பதிவைத் தொடும் இத்தகைய முறைமைகளில்தான் பழைய பிரதியின் தீங்கு வெளிப்படுகிறது. தலவிலில் வசிக்கும் டெங்கு நோயாளியின் முகவரி கண்டக்குழி எனத் தவறாகப் பதிவாகி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கற்பிட்டியிலிருந்து அதைத் திருத்துகிறார் எனக் கொள்ளலாம். புத்தளத்துக்கான அறிக்கையைத் தயாரிக்கும் நீண்ட நிரல் அந்தப் பதிவை முன்பே படித்துவிட்டிருந்தால், அது கண்டக்குழியையே காட்டும். புகையடிக்கும் குழுவும் தவறான ஊருக்கே செல்லும்.

வினவலை மீண்டும் இயக்கினால் போதும் என்று பலர் கருதுவது பிழை. வினவல் தரவுத்தளம்வரை சென்று திரும்பினாலும், அதே அடையாள எண்ணுடைய பொருள் அமர்வின் (ஒரு பணிக்காக நிரல் தரவுத்தளத்தோடு கொள்ளும் தொடர்பின்) முதல்நிலைக் கேஷில் இருந்தால், புதிதாக வந்த மதிப்புகளை விட்டுவிட்டு ஹைபர்னேட் பழைய பொருளையே கொடுக்கும். ஓர் அமர்வுக்குள் ஒரு வரிசைக்கு ஒரே பொருள் என்ற உறுதியைக் காப்பதற்காக வகுத்த விதி இது. ரிஃப்ரெஷ் கட்டளையோ அந்தப் பொருளின்மீதே புதிய மதிப்புகளை எழுதுகிறது. அதனால் இன்னும் தரவுத்தளத்துக்குச் செல்லாத மாற்றங்கள் அழிந்துபோகும் என்பதை நிரலாளர் மறத்தல் ஆகாது. பரிவர்த்தனை தொடக்கத்தில் எடுத்த நிலைப்படத்தையே இறுதிவரை காட்டும் தனிமைநிலையில் இயங்கினால், ரிஃப்ரெஷும் பிறர் செய்த திருத்தத்தைக் கொண்டுவராது; போஸ்ட்கிரஸின் இயல்பு நிலையில் இத்தடை இல்லை.

அமர்வுகள் பகிரும் இரண்டாம்நிலைக் கேஷுக்கு, அதைத் தவிர்த்துப் படிக்கவும், படித்ததை அதில் புதுப்பித்து வைக்கவும் 2009இல் வந்த ஜேபிஏ 2.0 வழிசெய்தது. ஒன்றுக்கு மேற்பட்ட சேவையகங்கள் இயங்குமிடத்தில், ஒன்றில் நிகழ்ந்த மாற்றத்தை மற்றவற்றின் கேஷுக்கும் அறிவித்தாக வேண்டும்.

புதுப்பித்த கணத்துக்கும் எழுதும் கணத்துக்கும் இடையே இன்னொருவர் எழுதிவிடக்கூடும் என்பதால், பலர் திருத்தும் பதிவுக்கு ரிஃப்ரெஷ் மட்டும் காவலாகாது. படித்தபின் பதிவு மாறியுள்ளதா என்பதை எழுதும்போது கண்டறியும் பதிப்பெண் சோதனையும் வேண்டும்.