வடபாதையும் சிறுநீரகமும்

மலைநாட்டிலே பிறந்து வளர்ந்தவர்க்கு நீரின் அருமை எளிதிற் புலப்படுவதன்று. மஸ்கெலியாவில் வாழ்வோர்க்கோ சொல்லவே வேண்டா. சிவனொளிபாத மலைச்சாரலின் அருவிகள் ஒருபுறம். 1969 இல் அணை கட்டி முடிந்தபோது பழைய மஸ்கெலியா நகரையே தன்னுள் அடக்கிக்கொண்ட மவுசாக்கலை நீர்த்தேக்கம் மறுபுறம். எனினும் இம்மக்களின் முன்னோர் இம்மலையை அடைந்த வழி வறண்ட வழி. அவ்வழியில் அவர்தம் உயிரைத் தாங்கி நின்ற உறுப்புக்களுள் சிறுநீரகம் தலையாயது. அவ்வுறுப்பின் தொழிலை உலகம் தெளியத் தொடங்கிய காலமும், அவர்கள் நடந்த காலமும் ஒன்றாயிருத்தல் ஆராயத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. தென்னிந்தியாவினின்று தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியோர், கங்காணிமாரின் பின்னே காட்டினூடு மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை நடந்தனர். வடபாதை எனப்பட்ட அவ்வழி நூறு மைலுக்கு மேற்பட்டது. மாத்தளைக்கு அப்பால் மலையேற்றம். டிக்கோயா, மஸ்கெலியாக் காடுகள் பிற்பட்டே தோட்டங்களாயினமையால், அங்கு சென்றோர்க்கு நடை இன்னும் நீண்டது. வழியிற் கிடைத்தது பெரும்பாலும் குளத்துக் கலங்கல் நீரே. கோடையில் அதுவும் அரிது.

சிறுநீர் எங்கு உண்டாகின்றது என்பதே முன்னாளில் வழக்கிற்குரிய பொருளாயிருந்தது. அஃது ஆவியாகிச் சிறுநீர்ப்பையுட் புகுகின்றது என்பாரும் இருந்தனர். இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்னும் வைத்தியர் விலங்குகளின் சிறுநீர்க்கான்களைக் கட்டிவிட்டு, பை வெறுமையாகவே இருத்தலைக் காட்டி அக்கொள்கையை மறுத்தார். அதன்பின் ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளைத் தாண்டியே அடுத்த பெரும்படியைக் காண்கின்றோம். 1666 இல் இத்தாலியரான மல்பீகி, சிறுநீரகத்தினுள்ளே குருதிக் கலன்கள் சுருண்டு அமைந்த நுண்ணிய உருண்டைகளைக் கண்டு எழுதினார். கலன்கோளம் என இன்று நாம் வழங்குவது இதனையே.

இனி 1842 ஆம் ஆண்டிற்கு வருவோம். வடபாதையில் ஆள்நடமாட்டம் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. இலண்டனில் வில்லியம் போமன் என்னும் இருபத்தைந்து வயது இளைஞர், கலன்கோளம் ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய உறையுள் அமைந்திருத்தலையும், அவ்வுறையே நீண்டு வளைந்த சிறுகுழாயாகத் தொடர்தலையும் நுணுக்குக்காட்டியாற் கண்டு அரச கழகத்திற்கு அறிவித்தார். கலன்கோளம் நீரை மட்டும் கசியவிடுகின்றது, கழிவுப் பொருள்களைக் குழாயின் சுவரே சுரக்கின்றது என்பது அவர் கொள்கை. அதே ஆண்டில், ஜேர்மனியிலுள்ள மாபேர்க் நகரிற் கார்ல் லுட்விக் வேறு கூறினார். இரத்த அமுக்கத்தால் நீரும் அதிற் கரைந்தனவும் ஒருங்கே வடிகின்றன. பின்னர்க் குழாயிலே நீர் மீள உறிஞ்சப்படுகின்றது என்றார். போமன் கண்ணாற் கண்டதிற் பிழையில்லை. காணாததை ஊகித்தவிடத்தே வழுவினார். லுட்விக்கும் முற்றும் வென்றாரல்லர். குழாய்ச் சுவர் சில பொருள்களைச் சுரத்தலும் உண்மை என்பது பிற்காலத்து வெளிப்பட்டது.

வழக்குத் தீர எண்பது ஆண்டு சென்றது. 1924 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேர்ன், ரிச்சட்ஸ் என்போர், தவளையின் போமனுறையுள் மிக நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செலுத்தி ஒரு சிறு துளியை எடுத்துச் சோதித்ததை வெளியிட்டனர். பையிலுள்ள சிறுநீரிற் காணப்படாத வெல்லமும் உப்பும் அத்துளியில் இருந்தன. வடிதல் முதலிலும் மீட்டல் பின்னும் நிகழ்தல் அதனால் உறுதியாயிற்று.

கணக்கு வியப்பைத் தருவது. ஒரு சிறுநீரகத்திற் பத்து இலட்சம் அளவிற் சிறுநீரகத்திகள் உள. இரண்டு சிறுநீரகங்களும் நாளொன்றுக்கு 180 லீற்றர் திரவத்தை வடிக்கின்றன. வெளியேறுவது ஒன்றரை லீற்றர் அளவே. எஞ்சிய யாவும் குருதிக்கே மீள்கின்றன. கழிக்கும் உறுப்பு என்று வகுப்பிலே கற்பிக்கின்றோம். காக்கும் உறுப்பு எனின் பொருத்தமாகும். வெயிலில் நடந்து நாவரண்டவனின் குருதி சிறிது செறிந்தவுடனே மூளை அதனை உணர்கின்றது. கபச்சுரப்பியினின்று ஓர் ஓமோன் வெளிப்பட்டுச் சேர்க்குங் கான்களின் சுவரை நீர் கடக்கத்தக்கதாக்குகின்றது. என்லேயின் தடங்கள் சிறுநீரகத்தின் உட்பகுதியிற் சேர்த்துவைத்த உப்பு அந்நீரை ஈர்த்துக்கொள்கின்றது. இவ்வாறு சிறுநீர் குருதியினும் நான்கு மடங்கு வரை செறிவுறலாம். ஆயினும் எல்லையொன்றுண்டு. ஊரியா முதலிய கழிவுகளைச் சுமந்துசெல்ல நாளுக்கு ஏறத்தாழ அரை லீற்றர் நீர் வேண்டும். குடிக்க நீரில்லாதவிடத்தும் உடல் அதனைத் தன் இருப்பினின்றே கொடுத்தாகல் வேண்டும்.

தாகத்தினுங் கொடிய பகையாக வடபாதையில் நின்றது வாந்திபேதி. அந்நோயிலே நீரும் உப்பும் குடல் வழியாகப் பெருக்கெடுத்து வெளியேற, இரத்த அமுக்கம் வீழ்கின்றது. அமுக்கம் வீழ்ந்தவிடத்து லுட்விக் கூறிய வடிதலும் நிற்கும், சிறுநீர் அற்றுப்போகும். இங்கே வரலாறு நம் உள்ளத்தை உறுத்துகின்றது. ஏனெனில், 1832 ஆம் ஆண்டளவிலேயே ஓஷாக்னசி என்னும் இளம் வைத்தியர், இங்கிலாந்தில் இந்நோயாளரின் குருதியைச் சோதித்து, நீரும் உப்பும் குறைந்திருத்தலையும், சிறுநீர் நின்றவரிடத்து ஊரியா குருதியில் தங்கியிருத்தலையும் கண்டுவிட்டார். அவ்வாண்டிலேயே ஸ்கொத்லாந்திலுள்ள லீத் நகரில் தோமஸ் லாட்டா, நாளத்தினூடாக உப்புநீரைச் செலுத்திச் சாகுந் தறுவாயிலிருந்தோர் சிலரை மீட்டார். வைத்திய உலகமோ அம்முறையை விரைவிற் கைவிட்டது. ஓஷாக்னசி 1833 இற் கல்கத்தாவுக்கு வந்தார். இந்தியாவிற் தந்தி அமைத்தவர் என்றே பின்னாளிற் பெயர்பெற்றார். மன்னாரிலிருந்து நடந்தோர்க்கு அவர் கண்டுபிடிப்பாற் பயன் விளையவில்லை.

தமிழில் இவ்வறிவு வாராதிருந்ததுமன்று. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்றொழிலியலை விளக்கும் ‘மனுஷ சுகரணம்’ முதலான நூல்களைத் தமிழாக்கினார். 1884 இல் அவர் காலமானார். நூலும் தமிழ்; நடந்தோரும் தமிழர்; ஆயினும் அவர்களுட் பெரும்பாலார்க்கு எழுத்தறிவு வாய்க்கவில்லை. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் இருமருங்கும் புகைவண்டியும் இணைந்தபின் கால்நடைப் பயணம் பழங்கதையாயிற்று. உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழி ஊட்டியே வாந்திபேதியை வெல்லலாமென்பதை, 1971 இல் வங்காளத்துப் பொன்கான் அகதி முகாமில் திலீப் மகாலனாபிஸ் பெருந்தொகையினரிடத்துக் காட்டினார்.

தோட்டத்திலோ தாகம் வேறுருவில் இன்றும் உண்டு. கொழுந்து மலைக்கு அண்மையிற் கழிப்பிடம் இல்லாமையால், பகலெல்லாம் நீர் அருந்துவதைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் உளர். முன்னோரைக் காத்த அதே பொறிமுறை அவர்களிடத்தும் நீரை மீட்டுச் சிறுநீரைச் செறியச் செய்கின்றது. ஆனால் அடக்கிவைத்த சிறுநீர்ப்பை நெடுநேரம் கழுவப்படாது கிடக்கும். பெண்களின் சிறுநீர்வழி நாலு சதமமீற்றர் அளவே ஆதலின், கிருமிகள் பையை எட்டுவது எளிது. அங்கிருந்து சிறுநீர்க்கான் வழியே சிறுநீரகத்திற்கும் ஏறலாம். செறிந்த சிறுநீரிற் கல் படிதலும் உண்டு. எரிவென்று மருந்தகத்திற்கு வரும் கொழுந்துப் பெண் பலவேளைகளில் மருந்தொடு திரும்புகின்றாள்; மறுநாட் காலையில் அதே மலைக்கு, அதே அரைக் கோப்பைத் தேநீரோடு ஏறுகின்றாள்.