குறி தவறியது யாரால்?

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது நம் பழமொழி. வேலை தெரியாதவன் கருவியைக் குறை சொல்வான் என்பது அதன் கருத்து. ஆனால், கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால் என்ன செய்வது? ஆடியவள் மீது பழி போடலாமா? குறை ஆளிடம் இருக்கிறதா, கருவியிடம் இருக்கிறதா என்று பிரித்தறிய ஒரு வழி வேண்டாமா?

இந்த வழியைத் தேடிய கதைதான் இலக்குத் துப்பாக்கியின் வரலாறு. நாம் பேசப்போவது போர்த் துப்பாக்கியைப் பற்றியன்று. அட்டையில் அச்சிட்ட வட்டங்களைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கியைப் பற்றி.

மான்செஸ்டரில் ஒரு கூடம்

பட்டறைகளில் ‘விட்வொர்த் மரை’ என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். திருகாணிகளுக்கு ஒரே சீரான அளவை 1841-இல் வகுத்த ஜோசப் விட்வொர்த்தின் பெயரால் வழங்குவது அது. 1854-இல் பிரிட்டிஷ் அரசு அவரை அணுகி, துப்பாக்கிகளைச் செய்யும் எந்திரங்களை வடிவமைத்துத் தரக் கேட்டது. “நல்ல துப்பாக்கி எது என்பதே இன்னும் தெளிவாகவில்லையே! முதலில் அதைச் சோதித்துக் கண்டறிய வேண்டும்” என்பது அவர் நிலை.

காற்று குண்டை விலக்கிவிடும். எனவே திறந்தவெளியில் சுட்டால், பிழை காற்றினுடையதா, குழலினுடையதா என்று தெரியாது. ஆகவே மான்செஸ்டரில் தம் வீட்டு நிலத்தில் 500 கெஜம், அதாவது ஏறத்தாழ 457 மீட்டர் நீளமுள்ள மூடிய கூடம் ஒன்றைக் கட்டினார். புயல் அதைச் சாய்த்தது, மீண்டும் கட்டினார். வழிநெடுக மெல்லிய காகிதத் திரைகளைத் தொங்கவிட்டுச் சுட்டபோது, ஒவ்வொரு திரையிலும் விழுந்த துளை குண்டு சென்ற பாதையைக் காட்டியது. நேரான கூடம் ஒன்றைக் கட்டிய பிறகுதான் அவர் ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கினார்!

துப்பாக்கிக் குழலின் உட்புறத்தில் உள்ள சுருள் அமைப்பு குண்டைப் பம்பரம்போல் சுழலச் செய்கிறது. சுழலும் பம்பரம் சாயாதது போலவே சுழலும் குண்டும் புரளாமல் செல்கிறது. அன்றைய ராணுவத்தின் என்ஃபீல்டு துப்பாக்கியில் இந்தச் சுருள் 78 அங்குலத்திற்கு ஒரு சுற்றுச் சுற்றியது. விட்வொர்த் அறுகோணத் துளையும், 20 அங்குலத்திற்கு ஒரு சுற்றும் கொண்ட குழலைச் செய்தார். 1857-இல் நடந்த ஒப்பீட்டுச் சோதனையில், 500 கெஜத் தொலைவில் என்ஃபீல்டு குண்டுகளின் சராசரி விலகல் 2.24 அடி, விட்வொர்த் குண்டுகளின் விலகல் 0.37 அடி மட்டுமே. ஆயினும் ராணுவம் அதை ஏற்கவில்லை. விலை அதிகம், குறுகிய குழலில் வெடிமருந்துக் கரி விரைவில் படிந்தது. போருக்கு ஏற்றது வேறு, இலக்குக்கு ஏற்றது வேறு என்பது அன்றே வெளிப்பட்டது.

அரசி சுட்ட குண்டு

1860 ஜூலை 2 அன்று லண்டனை அடுத்த விம்பிள்டனில் பெரும் துப்பாக்கிப் போட்டி ஒன்று தொடங்கியது. முதல் குண்டைச் சுட்டவர் விக்டோரியா அரசி. விட்வொர்த் துப்பாக்கி ஒன்று இரும்புத் தாங்கியில் அசையாமல் பொருத்தப்பட்டிருந்தது. விசையில் கட்டிய பட்டுக் கயிற்றை அரசி இழுத்தார். 400 கெஜத்திற்கு அப்பால் இருந்த இலக்கில், மையத்திலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் குண்டு பாய்ந்தது.

இதில் அரசியின் திறமை எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆளை நீக்கிவிட்டுக் கருவியை மட்டும் சோதித்த காட்சி அது. அதே துப்பாக்கியைத் தாங்கியிலிருந்து எடுத்து ஒரு மனிதர் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? மூச்சு, நாடித்துடிப்பு, தசை நடுக்கம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். குழலின் சிக்கல் பெருமளவு தீர்ந்தபின், மனித உடலோடு குழலை இணைக்கும் கட்டையின் சிக்கல் முன்னுக்கு வந்தது.

உடலுக்கு ஏற்ற கட்டை

உலகத் துப்பாக்கி சுடும் போட்டி முதன்முதலாக 1897-இல் பிரான்சின் லியோன் நகரில் நடந்தது. அக்காலத்து 300 மீட்டர் போட்டிகளில் ‘ஃப்ரீ ரைஃபிள்’ என்ற வகை வளர்ந்தது. தோளில் மாட்டும் கொக்கி, உள்ளங்கையில் தாங்கும் குமிழ் முதலியன அதில் இடம்பெற்றன. பிற்காலத்தில் கன்னத்தை வைக்கும் பகுதியையும் தோளில் பதியும் தகட்டையும் திருகுகளால் நகர்த்த முடிந்தது. இப்போது மரத்தோடு அலுமினியக் கட்டைகளும் வழக்கத்தில் உள்ளன.

இவ்வளவு திருகுகள் எதற்கு? ஒருவர் கழுத்து நீளம். மற்றொருவர் கை குட்டை. ஒரே ஆள்கூடப் படுத்தும், முழந்தாளிட்டும், நின்றும் சுட வேண்டும். கட்டை பொருந்தாவிட்டால் தசைகளை முறுக்கிக்கொண்டுதான் அதைப் பிடிக்க முடியும். முறுக்கிய தசை களைக்கும், களைத்தால் நடுங்கும். கட்டை பொருந்தினால் எலும்புகளே எடையைத் தாங்கிக்கொள்ளும்.

கன்னக்கட்டையின் தேவையை ஒரு கணக்கால் அறியலாம். பின் குறிநோக்கிக்கும் முன் குறிநோக்கிக்கும் இடையே 80 செ.மீ. இருப்பதாகக் கொள்வோம். இலக்கு 50 மீட்டரில் உள்ளது. அதாவது இந்த இடைவெளியைப் போல் ஏறத்தாழ 62 மடங்கு. குறிநோக்கிகளின் நேர்கோட்டில் 0.1 மி.மீ. பிசகினால் இலக்கில் 6 மி.மீ.க்கு மேல் பிசகும். ஆனால், அங்கே பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான்! ஒவ்வொரு முறையும் கண் அதே இடத்தில் அமைய வேண்டுமானால், கன்னமும் அதே இடத்தில் பதிய வேண்டும்.

பிரித்தறியும் கணக்கு

இப்போது உங்களிடம் இத்தகைய துப்பாக்கி ஒன்று இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அதை எப்படி மதிப்பிடுவீர்கள்? ஒரே குண்டு மையத்தில் பட்டதால் மகிழ்ந்துவிடக் கூடாது. குண்டுகள் கூட்டமாக ஒரு பக்கம் தள்ளி விழுந்தால் கவலை இல்லை. குறிநோக்கியைத் திருகிச் சரிசெய்யலாம். சிதறி விழுந்தால்தான் ஆராய வேண்டும்.

முதலில், அரசி சுட்டது போலத் தாங்கியில் பூட்டிச் சுடுங்கள். துளைகளின் சிதறல் 3 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இது கருவியும் தோட்டாவும் செய்யும் பிழை. பிறகு நீங்களே பிடித்துச் சுடுங்கள். சிதறல் 5 மி.மீ. ஆகிறது. உங்கள் பிழை 2 மி.மீ. என்று கழித்துவிடாதீர்கள்! ஒன்றையொன்று சாராத பிழைகள் வர்க்கங்களாகவே கூடுகின்றன. 25-இல் 9 போனால் 16. அதன் வர்க்கமூலம் 4. பைதகரஸ் முக்கோணம் இங்கும் வந்துவிட்டது!

பெரும் பணம் கொடுத்துப் பிழையே இல்லாத துப்பாக்கி வாங்கினாலும் 5 மி.மீ. சிதறல் 4 ஆகத்தான் குறையும். பழைய துப்பாக்கியோடு பயிற்சி செய்து உங்கள் பிழையைப் பாதியாக்கினால் அது 3.6 ஆகும். கட்டையைச் சீராக்கும்போது ஒரு நேரத்தில் ஒரு திருகை மட்டுமே மாற்றி, குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போகும்.

கூடம் கோணலான போது

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் கனடாவின் ஜெரால்டு வெலெட் 600-க்கு 600 எடுத்தார். தங்கம் கிடைத்தது, உலக சாதனை கிடைக்கவில்லை. அளந்து பார்த்ததில் இலக்குத் தொலைவு 50 மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் குறைவாக இருந்தது. அன்று கூடமே கோணல்!

2008 பீஜிங்கில் இந்தியாவின் அபினவ் பிந்த்ரா இறுதிச் சுற்றுக்கு முன் ஒத்திகையாகச் சுட்ட குண்டு மையத்தை விட்டு வெகுதூரம் விலகியது. குறிநோக்கி நிலை மாறியிருந்ததைப் பற்றி அவரே தம் நூலில் எழுதியிருக்கிறார். தம் துப்பாக்கியையும் தம்மையும் அளந்து அறிந்திருந்ததால் அவர் பதறவில்லை, குறிநோக்கியைத் திருத்தினார். கடைசிக் குண்டில் 10.8 எடுத்து, தனிநபர் போட்டியில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார்.

அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் உங்கள் விடை பிசகும்போது, உடனே கருவியையும் திட்டாதீர்கள், உங்களையும் நொந்துகொள்ளாதீர்கள். முதலில் கூடத்தை அளந்து பாருங்கள். அது நேராக இருந்தால், ஆட்டத்தைப் பழகுங்கள்.