அங்கன்வாடி: பெயரும் பொருளும்

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்றது. அதன் மையங்கள் ஏற்ற ‘அங்கன்வாடி’ என்னும் பெயரோ அத்திட்டத்தினும் மூத்தது. அங்கணம் என்பது முற்றம். குறளில் அது தூய்மையற்ற முற்றத்தைக் குறிப்பினும், இப்பெயரில் அத்தகைய இழிபொருள் இல்லை.

தாராபாய் மோடக் 1945இல் பம்பாய் மாகாணத்தின் போர்டி என்னும் ஊரில் குழந்தைக் கல்விப் பணியைத் தொடங்கினார். அனுதாய் வாக் அவருக்குத் துணைநின்றார். ஊர் நடுவிலிருந்த பாலவாடிக்குச் சேரிக் குழந்தைகள் வாராமை கண்டு, பாலவாடியையே அவர்தம் முற்றத்திற்குக் கொண்டுசென்றனர். பெயர் பிறந்த சூழல் இதுவே.

1957இல் பணி கோஸ்பாட் குன்றுக்கு, வார்லிப் பழங்குடியினரிடையே பெயர்ந்தது. அங்குச் சிறுமியர் தம்பி தங்கையரைக் காக்கும் பொறுப்பால் பள்ளியை இழந்தனர். எனவே குழந்தைகள் காப்பகம், பாலவாடி, தொடக்கப்பள்ளி மூன்றும் ஒரே வளாகத்தில் ‘விகாஸ்வாடி’ என அமைக்கப்பெற்றன. குழந்தையைத் தனித்து நோக்காது குடும்பத்தின் உழைப்போடு சேர்த்து நோக்கிய சிந்தனை இது.

அரசுத் திட்டம் சத்துணவையும் தடுப்பூசியையும் தாய்மார்க்கான நலக்கல்வியையும் சேர்த்தது, அச்சேர்க்கை பெரிது. ஆயினும், நாளில் சில மணி நேரமே இயங்கிய மையம், வயலுக்குச் செல்லும் தாய்க்குக் காப்பகமாகவில்லை. முற்றம் தோறும் உழைத்த பெண்களும் மதிப்பூதியம் பெறும் தொண்டர்களாகவே கருதப்பட்டனர். அவர்களுக்குப் பணிக்கொடை உண்டென உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022இல்தான்.