டிஸ்பென்சரியில் ஒரு தராசு

‘டிஸ்பென்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பகிர்ந்தளித்தல் என்று பொருள். மருந்து வழங்கும் இடம் டிஸ்பென்சரி ஆனது இதனால்தான். ஆனால் அச்சொல்லுடன் ‘வித்’ என்பதைச் சேர்த்துவிட்டால், ஒன்று இல்லாமலே சமாளிப்பது என்று பொருள் மாறிவிடுகிறது! கொடுப்பதையும் விட்டுவிடுவதையும் ஒரே சொல் குறிப்பது எவ்வாறு?

இதன் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. ‘பெண்டெரே’ என்றால் தொங்கவிடுதல், எடைபோடுதல். நாணயம் தோன்றுமுன் ரோமானியர் வெண்கலத் துண்டுகளை நிறுத்தே பணமாகக் கொடுத்தனர். ஆகவே எடைபோடுதல் என்ற சொல், பணம் கொடுத்தல் என்றும் பொருள்பட்டது. பென்ஷன், பவுண்டு ஆகியவையும் இக்குடும்பத்துச் சொற்களே. ‘டிஸ்பென்ஸாரே’ என்பது நிறுத்துப் பிரித்தளித்தல். செல்வர் வீட்டின் வரவுசெலவைக் கவனித்தவன் ‘டிஸ்பென்ஸாதோர்’. பெரும்பாலும் அவன் ஓர் அடிமை.

தமிழிலும் ‘நிறுத்து’ என்ற வடிவம் எடைபோட்டு என்றும், தடைசெய் என்றும் இருபொருள் தருகிறது. ஆனால் ஆங்கிலச் சொல் இரண்டாம் பொருளைப் பெற்ற வழி வேறு. இடைக்காலத் திருச்சபை, நிர்வகித்தல் என்ற கருத்தில் இச்சொல்லை ஏற்றது. விதியிலிருந்து ஒருவருக்கு விலக்களிப்பது ‘டிஸ்பென்சேஷன்’ ஆயிற்று. அண்ணனின் விதவையான காதரீனை எட்டாம் ஹென்றி மணப்பதற்கு 1503இல் போப்பாண்டவர் அளித்தது இத்தகைய விலக்கே. விதியை விலக்கினால் விதியின்றி நடத்தலாம் அல்லவா? ‘இல்லாமல் சமாளிப்பது’ இப்படித்தான் பிறந்தது.

மன்னர்களும் இவ்வதிகாரத்தைக் கையாண்டனர். அரசுப் பதவி ஏற்போர் ஆங்கிலத் திருச்சபையின் முறைப்படி நற்கருணை பெறவேண்டும் என்று 1673ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. கத்தோலிக்கரான இரண்டாம் ஜேம்ஸ் தம் மதத்தவருக்கு அதிலிருந்து விலக்களித்துப் படையில் பதவி தந்தார். நீதிபதிகளும் 1686இல் அது செல்லும் என்றே தீர்ப்பளித்தனர். மதக் காழ்ப்பு நிறைந்த சட்டம்தான். எனினும் மன்னர் விரும்பியவருக்குச் சட்டமே இல்லையென்றால் பாராளுமன்றம் எதற்கு? ஜேம்ஸ் 1688இல் நாட்டைவிட்டு ஓடினார். மறு ஆண்டின் உரிமைச் சட்டம், அவர் கையாண்ட வகையிலான விலக்கதிகாரம் செல்லாது என்று அறிவித்தது.

மருந்துக்கும் ஒரு சண்டை உண்டு. லண்டன் மருத்துவர் கல்லூரியினர் 1690களில் ஏழைகளுக்கு அடக்க விலையில் மருந்து தர ஒரு டிஸ்பென்சரி தொடங்கினர். மருந்து வணிகர்கள் சீறினர். இப்பூசலை நையாண்டி செய்து சாமுவேல் கார்த் என்ற மருத்துவர் 1699இல் ஒரு காவியமே பாடிவிட்டார்! அக்கால மருந்துத் தராசில் மிகச் சிறிய அளவு ‘கிரெயின்’, அதாவது தானிய மணி. இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 65 மில்லிகிராம்.